டிக்கிக்குள் ஒரு குளம்!

வானம் வெளுத்த பிறகும் காருக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர், விலை உயர்ந்த மின்னணுப் பெட்டிகளைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது. மழைக்காலம் வருமுன் ஒரு சிறப்புப் பார்வை.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில் என் காருக்குப் பேய் பிடித்தது.

ஆள் அரவமே இல்லாத தெருவில் ரிவர்ஸ் எடுத்தால், யாரையோ இடிக்கப் போவதுபோல பார்க்கிங் சென்சார் அலறியது. இரண்டு நாள் கழித்து ரேடியோ ஊமையானது. அடுத்த வாரம் ஒரு காலை வண்டி உயிர் பெறவே இல்லை. பாட்டரி காலி. புது ஹேட்ச்பேக் விலையில் சொகுசு காரே கிடைக்கிறதே என்ற சபலத்தில், இரண்டு கை மாறிய பிறகு நான் வாங்கிய வண்டி அது. பாட்டரியை மாற்றினேன். பத்தே நாளில் புதுப் பாட்டரியும் படுத்துக்கொண்டது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பின்பக்கம் இருக்கும் ஒரு மாட்யூல் ‘பேசவில்லை’யாம், புதிதாக வாங்கிப் போட்டால் ஐம்பதாயிரத்தைத் தொடுமாம்.

பணத்தைப் புரட்டுமுன் தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியனை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். வயதானவர். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. ஒரு டெஸ்ட் லேம்பும் மல்டிமீட்டரும்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிக்கியைத் திறந்து மூக்கை உறிஞ்சினார்.

“என்ன சார், நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது?”

“மழைக்காலம்தானேண்ணே...”

“மழை வெளியதான சார் பேயணும்?”

மேட்டைச் சுருட்டினார். அடியில் இருந்த அட்டையைத் தூக்கினார். ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். டயர் உட்கார்ந்திருந்த குழியில் நாலு விரற்கடைத் தண்ணீர். அதில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. குழியின் ஓரத்தில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, கழுத்து வரை முங்கியிருந்தது. பேசாத மாட்யூல் அதுதான். முங்கிக் கிடப்பவன் எப்படிப் பேசுவான்?

காருக்குத் தண்ணீரால் ஆபத்து என்றதும் நம் நினைவுக்கு வருவது வெள்ளம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டதையும் யாரும் மறக்கவில்லை. ஆனால் வெள்ளம் ஊரறிய வரும். கசிவு அப்படி வராது. ஓர் இலைக்காம்பு அடைத்த துளை வழியாக, நாம் ஒருபோதும் தூக்கிப் பார்க்காத மேட்டுக்கு அடியில், சொட்டுச் சொட்டாகச் சேரும். தெரியவரும்போது பில் மட்டும் மொத்தமாக வரும்.

ஆழத்தில் ஏன் வைத்தார்கள்?

“தண்ணீர் தேங்கும் பள்ளத்திலா இதையெல்லாம் வைப்பார்கள்?” என்று கேட்கத் தோன்றும். வைத்தவர்களிடம் நியாயம் இருக்கிறது. கனமான பாட்டரியை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பாரம் சமமாகப் பிரியும். எஞ்சின் சூட்டிலிருந்து விலகி இருப்பதால் பாட்டரியின் ஆயுளும் கூடும். பாட்டரி போன இடத்துக்கு ஃப்யூஸ் பாக்ஸும் போகும். பார்க்கிங் சென்சார், ஆன்டெனா, பெட்ரோல் பம்ப் எல்லாமே பின்பக்கம் இருப்பதால் அவற்றை ஆளும் பெட்டிகளையும் அங்கேயே வைத்தால் ஒயர் மிச்சம். பாட்டுக் கருவியின் ஆம்ப்ளிஃபயருக்கும் புளூடூத் பெட்டிக்கும் டேஷ்போர்டில் இடம் இல்லை. டிக்கியின் ஓரங்களில் இருக்கிறது.

2000-களில் வந்த ஜெர்மன் சொகுசுக் கார்கள் இந்த ஏற்பாட்டை உச்சத்துக்குக் கொண்டுபோயின. 2002-ல் வந்த மெர்சிடீஸ் ஈ கிளாஸில் பாட்டரியும் மின்சாரத்தைப் பங்கிடும் ஒரு மாட்யூலும் பின்பக்கம்தான். 2003-ல் வந்த பிஎம்டபிள்யூ 5 சீரிஸிலும் பாட்டரிக்கும் பல மாட்யூல்களுக்கும் டிக்கிதான் வீடு. இந்த 5 சீரிஸ் நமக்கு அந்நியமானதல்ல. 2007 மார்ச்சில் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்தபோது, அங்கே பூட்டப்பட்ட கார்களில் இதுவும் ஒன்று. அதே தலைமுறையின் எஸ்டேட் ரகத்தில், பெரிய கண்ணாடிக் கூரையின் வடிகுழாய் அடைத்தோ கழன்றோ போய், பின்பக்க மாட்யூல்கள் நனைவது உலகமெங்கும் மெக்கானிக்குகள் அறிந்த சங்கதி. முக்கியமான மின் உறுப்புகளை டிக்கியின் ஆக அடியில் வைத்தது தவறு என்று அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் மேல் வழக்கும் நடந்தது.

இதைப் பணக்கார வீட்டுப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கார்கள்தான் இப்போது மூன்றாவது, நான்காவது கைக்கு வந்து நம் தெருக்களில் நிற்கின்றன. புதுக் கார்களிலும் பின்பக்கப் பாரம் கூடிக்கொண்டே போகிறது. 2022-ல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் உயர் மின்னழுத்த பாட்டரி பின்பக்கம் இடம் பிடித்துக்கொண்டதால், டிக்கியின் கொள்ளளவே 306 லிட்டராகச் சுருங்கியது.

இவ்வளவும் வைத்தவர்கள் ஒரு நம்பிக்கையில் வைத்தார்கள்: டிக்கி என்பது காரின் உள்பக்கம், அது உலர்ந்திருக்கும். எஞ்சின் பக்கம் வைக்கும் பெட்டிகளுக்கு ரப்பர் வளையம், இறுக்கமான கனெக்டர் என்று கவசம் உண்டு. ஐபி 67 தரம் பெற்ற பெட்டி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். டிக்கி மாட்யூல்கள் பலவற்றுக்கு அந்தக் கவசம் கிடையாது. சாதாரண பிளாஸ்டிக் மூடி, அதில் காற்றோட்ட இடுக்கு, அவ்வளவுதான். குடையில்லாமல் அனுப்பப்பட்ட பிள்ளை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 100 லிட்டர். பின் கண்ணாடியும் டிக்கி மூடியும் கூரையின் பின்பாதியுமாக இரண்டு சதுர மீட்டர் என்று வைத்தால், அன்று டிக்கியின் விளிம்பைத் தொட்டு ஓடும் தண்ணீர் 200 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே நுழைந்தாலும் இரண்டு லிட்டர். அடைமழை நாலு நாள் நீடித்தால் குழியில் குளம் கட்டிவிடும்.

முதல் சந்தேகம் டெயில் லேம்ப் மேல். அதன் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிடுகிறது. அடுத்தது டிக்கி வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங். மூன்றாவது, பின் பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுத் துவாரங்கள். கதவை அடிக்கும்போது உள்ளே இறுகும் காற்று வெளியேற வைத்த மடல்கள் அவை. அவற்றின் சட்டம் விரிசல் விட்டால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அந்த வழியே வரும். பின்னாலிருந்து இடி வாங்கி டிங்கரிங் பார்த்த வண்டி என்றால், தகடுகள் சேரும் இடத்தில் பூசவேண்டிய சீலர் பூசப்பட்டதா என்பது இன்னொரு கேள்வி. ரிவர்ஸ் கேமரா ஒயருக்காகக் கடையில் போட்ட ஓட்டை, ஸ்பாய்லருக்கு முடுக்கிய திருகு, வெளிக் கடையில் சிஎன்ஜி சிலிண்டர் மாட்டத் துளைத்த போல்ட் துளை என்று நாமாகத் திறந்துவிட்ட மதகுகளும் உண்டு.

மேலே இருந்து மட்டுமா? சாய்ந்துபோன இருபது லிட்டர் கேன் தண்ணீரும், காசிமேட்டில் மீன் வாங்கிவந்த பெட்டியில் உருகிய ஐஸும், கோயிலுக்குப் போய் நிரப்பிவந்த தீர்த்தக் குடமும் நம் ஊர் டிக்கிகளில் சிந்தாமல் எங்கே சிந்தும்? இவற்றில் மீன் தண்ணீர் மகா மோசம். அதில் உப்பு இருக்கிறது. உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது சன்ரூஃப். அதன் ரப்பர்தான் மழையை நிறுத்துகிறது என்று பலரும் நினைக்கிறோம். ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால், அதன் மூலைகளில் விரல் தடிமனுக்கும் குறைவான குழாய்கள். முன் குழாய்கள் முன் தூண்கள் வழியாகவும், பின் குழாய்கள் பின் தூண்கள் வழியாகவும் இறங்கி வண்டிக்கு அடியில் தண்ணீரை விடும். ஏரி வெட்டிய நம் முன்னோருக்கு இது புரிந்திருக்கும். வரத்துக்கால் இருந்தால் கலிங்கு இருக்க வேண்டும். கலிங்கு அடைத்தால் கரை உடையும். வேப்ப மரத்தடியிலும் தூங்குமூஞ்சி மரத்தடியிலும் நிழலுக்காக நிறுத்துகிறோம் அல்லவா? அந்தச் சின்னஞ்சிறு இலைகள்தான் கலிங்கை அடைக்கின்றன. பெருங்கொன்றை பூக்கும் மாதங்களில் மஞ்சள் இதழ்களும் சேர்ந்துகொள்ளும். குழாய் அடைத்தால் தண்ணீர் ஏறி, இணைப்பில் வழிந்து, தூணுக்குள் இறங்கி, டிக்கியின் மூலைக்கு வந்து சேரும்.

செம்பில் களிம்பு

ஆன்மாவை ஆணவம் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை, செம்பில் களிம்பு. நனைந்த கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் களிம்பைக் கண்ணாலேயே காணலாம்: பச்சையும் நீலமுமாக, மாவு போல். ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் பூமி, நடுவில் உப்போ அழுக்கோ கலந்த தண்ணீர் என்றால் அங்கே ஓயாமல் மின்பகுப்பு நடக்கிறது. செம்பு கரைகிறது. கரைந்த உலோகம் சர்க்யூட் போர்டில் ஒரு கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பிக்கு வேர்விட்டு வளர்ந்து, இல்லாத இணைப்பை உண்டாக்குகிறது. பின்னால் யாரும் இல்லாதபோது சென்சார் அலறுவது இதனால்தான்.

தண்ணீர் பெட்டியோடும் நிற்பதில்லை. ஒயர் என்பது மெல்லிய செம்பு இழைகளின் திரி. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறும். குழிக்கு ஓர் அடி மேலே, உலர்ந்த இடத்தில் இருக்கும் கனெக்டரிலும் களிம்பு பூப்பதன் ரகசியம் அது.

ஒரு பெட்டி நனைந்தால் ஏன் மொத்த வண்டியும் ஆட்டம் காண்கிறது? காரின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொதுத் தடம் இருக்கிறது. பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட இந்த ஏற்பாட்டுக்குக் ‘கேன் பஸ்’ என்று பெயர். இது தண்ணீர் கேன் அல்ல; முறுக்கிய இரண்டே ஒயர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன் விடாமல் கத்தினால் மற்றவர் பேச்சு எடுபடாததுபோல, நனைந்த ஒரு மாட்யூல் தடத்தையே குழப்பிவிடும். அந்தக் கால ஜெர்மன் கார்களில் பாட்டு, நேவிகேஷன், போன் மூன்றையும் கோத்தது கண்ணாடி இழைபோன்ற ஒளித்தட வளையம். மாலையில் ஒரு முடிச்சு அறுந்தால் எல்லாப் பூவும் உதிர்வதுபோல, அதில் ஒரு பெட்டி செத்தால் எல்லாமே ஊமை.

பாட்டரி சாவதற்குக் காரணமும் இதே பேச்சுதான். பூட்டிவிட்டு நாம் போனதும் மாட்யூல்கள் தூங்க வேண்டும். தூங்கும் கார் இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். அந்தக் கணக்கில் 80 ஆம்பியர்-அவர் பாட்டரி இரண்டு மாதம் தாங்கும். நனைந்த ஒன்று தூங்காமல் மற்றவற்றையும் எழுப்பிக்கொண்டே இருந்து, இழுப்பு ஐந்து ஆம்பியர் ஆகிவிட்டால் 16 மணி நேரத்தில் பாட்டரி காலி. என் புதுப் பாட்டரி மேல் ஒரு குற்றமும் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில கார்களில் டிக்கி திறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் தரும் பாட்டரியோ டிக்கிக்குள். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. எஞ்சின் பக்கம் ஜம்ப் கொடுக்கும் முனை எங்கே இருக்கிறது, டிக்கிக்குச் சாவித்துளை உண்டா என்பதை வண்டி நன்றாக இருக்கும்போதே பார்த்துவைப்பது நல்லது.

துப்பறிவது எப்படி?

தண்ணீர் நின்ற இடம் வேறு, நுழைந்த இடம் வேறு. முதலில் மேட், அட்டை, பக்கவாட்டு உறை எல்லாவற்றையும் கழற்றி நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு உள் தகட்டில் முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு பின் சீட்டை மடக்கி உள்ளே பார்க்க, இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போவதே முறை: முதலில் பம்பர், அப்புறம் டெயில் லேம்ப், பீடிங், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது பொறுமை வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து துப்புக் கெட்டுவிடும். பவுடரில் தண்ணீர் கிழிக்கும் கோடு, குற்றவாளியின் வாசல் வரை கூட்டிப்போகும்.

பீடிங்கைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். பீடிங் மேல் வைத்து மூடியைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. சன்ரூஃபுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். திறந்து, மூலை வாய்க்காலில் மெதுவாக ஊற்றி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஊற்றிய பக்கம் சீக்கிரமே தரை நனைந்தால் குழாய் திறந்திருக்கிறது. நனையவில்லை என்றால் தூண்டில் நைலான் நரம்பை மெல்லச் செலுத்தி அடைப்பை எடுக்கலாம். பஞ்சர் கடைக் காற்றை மட்டும் அடிக்காதீர்கள். குழாய் உள்ளேயே கழன்றுகொண்டால், கூரைத் துணியை இறக்காமல் மாட்ட முடியாது.

அடைப்பதா, வடிப்பதா?

ஓட்டையைக் கண்டதும் நம் கை தேடுவது சிலிகான் ட்யூபையும் எம்-சீலையும்தான். டெயில் லேம்ப் வளையத்தையும் பீடிங்கையும் புதிதாக மாற்றுவது சரியான அடைப்பு. அதற்கு மேல் கண்ட இடத்தில் பூசுவது பெரும்பாலும் பகையாகவே முடியும். பம்பருக்குள் இருக்கும் காற்று மடலையும், டிக்கி மூடியின் அடி விளிம்பில் இருக்கும் வடிதுளையையும் ‘ஓட்டை’ என்று நினைத்துச் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அதன்பின் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியே இருக்காது. ஏரியின் கலிங்கில் வீடு கட்டிவிட்டு வெள்ளத்தைத் திட்டும் அதே புத்தி.

மாட்யூலைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கட்டுவதும் அப்படித்தான். பகல் சூட்டில் விரியும் காற்று இரவுக் குளிரில் சுருங்கும்போது ஈரத்தை உள்ளே இழுக்கும், பைக்குள் வேர்க்கும், வேர்த்தது வெளியேறாது. பெட்டியைக் குழியின் தரையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் உயர்த்தி, ஒரு தாங்கியில் பொருத்துவது மேல். கனெக்டர் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். ஒயர் நேராக வந்து கனெக்டரில் நுழையாமல், அதற்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுப் பின் ஏற வேண்டும். அப்போது ஒயர் வழியே வரும் சொட்டு, தொங்கலின் அடியிலேயே விழுந்துவிடும். வீட்டுக்கு வரும் மின் கம்பியை அப்படித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனெக்டருக்குள் கொஞ்சம் மின்கடத்தாச் சிலிகான் கிரீஸ் பூசினால் களிம்பு தள்ளிப்போகும். குழியின் அடியில் ஒரு சின்ன ஈர அலாரம் வைத்தால் முதல் சொட்டிலேயே கத்தும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம். அங்கே ஈரம் தெரிந்தால் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே கூப்பிட வேண்டும்.

நனைந்தே போய்விட்டால்?

‘ஓடுதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. தண்ணீர் தனியாகச் செய்யும் சேதம் மெதுவானது. மின்சாரத்தோடு சேர்ந்து செய்வது வேகமானது. முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிறகு மாட்யூலைக் கழற்றித் திறந்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு போர்டைக் கழுவி, நிழலில் முழுதாக உலர்த்த வேண்டும். அரிசி டப்பாவில் புதைப்பது வீண். அரிசி ஈரத்தை வேண்டுமானால் கொஞ்சம் இழுக்கும். உப்பையும் களிம்பையும் எடுக்காது. போர்டின் தடங்கள் அறுந்துபோயிருந்தால் புது மாட்யூல்தான் வழி. அதையும் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. பல கார்களில் அந்த வண்டிக்கு ஏற்பக் ‘கோடிங்’ செய்தால்தான் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் முன் கசிவை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் புது மாட்யூலையும் அதே குளத்தில்தான் இறக்குகிறோம்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா? வெள்ளத்தில் மூழ்கிய சேதத்துக்கு, காரின் சொந்தச் சேதத்துக்கான பாலிசி பொறுப்பேற்கும். கசிவுக்கோ அதே பாலிசியில் கதவு சாத்தியிருக்கிறது. தேய்மானமும், மின் அல்லது இயந்திரப் பழுதும், பின்விளைவு இழப்பும் சேராது என்று அதில் அச்சிட்டே இருக்கிறது. காய்ந்துபோன ரப்பர் வழியாக மாதக்கணக்கில் இறங்கிய தண்ணீர் தேய்மானக் கணக்கில் போய்விடும். ஏற்கப்பட்ட க்ளெய்மிலும் ரப்பர், பிளாஸ்டிக், பாட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையைக் கழிப்பது வழக்கம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்ப்பது உத்தமம். ஜாக்கியில் துருவும் குழியின் சுவரில் தண்ணீர் நின்ற கோடும் பொய் சொல்லாது.

ஒரு டம்ளர் தண்ணீர்

என் வண்டியின் பின் குழாயிலிருந்து அந்த எலெக்ட்ரீஷியன் எடுத்தது, கோலிக்குண்டு அளவு வேப்பிலைக் கூழ். அவ்வளவுதான். மாட்யூலைத் திறந்து கழுவி, இரண்டு நாள் காயவைத்து, இரண்டு கனெக்டர் பின்களை மாற்றி, பெட்டியைக் குழியிலிருந்து மேலேற்றிக் கட்டினார். ரேடியோ பாடியது. சென்சார் வாயை மூடிக்கொண்டது. ஐம்பதாயிரம் என்ற இடத்தில் அவர் வாங்கியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதிலிருந்து புரட்டாசிக் கடைசியில் எனக்கு ஒரு சடங்கு உண்டு. சன்ரூஃபைத் திறந்து மூலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவேன். இந்த வருடமும் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சக்கரத்தின் ஓரமாகத் தரையில் ஈரம் பரவத் தொடங்கியது. கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார்.

“சார், சார்! வண்டியில தண்ணி ஒழுகுது!”

“ஒழுகட்டும்ண்ணே” என்றேன். “ஒழுகினாதான் நல்லது.”